இரண்டு பக்கமும் மூச்சு வருகிறது என்றேன்

நான் டாக்டரிடம் பொய் சொன்னேன். என் மகளின் மூக்கு உள்ளே அழுகிப்போனது அந்தப் பொய்யால்தான்.

அது விபத்து என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். மூங்கில் சரிந்து பட்டது உண்மை. பிறகு நடந்ததைத்தான் யாரிடமும் சொல்லவில்லை... சொல்ல வாய் வரவில்லை!

உக்குவளைக்கு மேலே, நாங்கள் வேலை செய்யும் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா. மகள் தர்ஷினி உயர்தரப் பரீட்சையில் பாஸாக வேண்டும் என்று தீச்சட்டி நேர்ந்து, கையில் காப்புக் கட்டியிருந்தேன். காப்புக் கட்டினால் திருவிழா முடியும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது. அந்த முறை முதல் சட்டி எனக்குத்தான் என்று கோயிலில் சொல்லியிருந்தார்கள். எத்தனை நாள் ஆசை அது!

பந்தல் போடும்போதுதான் மூங்கில் அவள் முகத்தில் விழுந்தது. இரத்தம் நின்றதும், கலேவெலையில் இருக்கும் சிங்கள டாக்டர் ஒருவரை வீடியோவில் பிடித்தோம். பொறுமையான மனிதர். மயக்கம், வாந்தி உண்டா என்று கேட்டார். பிறகு டார்ச் அடித்து மூக்கின் உள்ளே காட்டச் சொன்னார். நடுச்சுவரில் இரத்தம் கட்டியிருந்தால் உடனே ஆஸ்பத்திரியில் கீறி எடுக்க வேண்டும், விட்டால் குருத்தெலும்பு செத்துப்போகும் என்றார்.

சிக்னல் சரியில்லை. அவருக்குப் படம் தெளிவாக விழவில்லை. நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்றார்.

பார்த்தேன். இரண்டு பக்கமும் நாவற்பழம் போல உப்பி வழியை அடைத்திருந்தது.

"மூச்சு விட முடியலம்மா," என்றாள் தர்ஷினி மெதுவாக.

நான் டாக்டரிடம் சிங்களத்தில் என்ன சொன்னேன் தெரியுமா? வீக்கமே இல்லை, இரண்டு பக்கமும் மூச்சு நன்றாக வருகிறது என்றேன்!

ஏன்? வார்டில் சேர்ப்பார்கள், நான் கூடப் போக வேண்டும், காப்பை அறுக்க வேண்டும், முதல் சட்டி வேறொருத்தி கைக்குப் போய்விடும்... பக்கத்து வீட்டு மரகதம், தானே அவளைக் கூட்டிப்போவதாகச் சொன்னாள்; போனால் என் பொய் தெரிந்துவிடும். டாக்டரே ஒன்றுமில்லை என்றுவிட்டார் என்று அவள் வாயையும் அடைத்தேன். அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். டாக்டர் அம்மனையா பார்க்கச் சொன்னார்? என்னையல்லவா!

சட்டி எடுத்தேன். கை சுடவில்லை. சனம் என்னைக் கும்பிட்டது. தர்ஷினி வாயால் மூச்சு விட்டுக்கொண்டு கூட்டத்தில் நின்றாள்.

திருவிழாவின் கடைசி நாள் மஞ்சள் நீராட்டு முடிந்து காப்பை அவிழ்த்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அதற்குள் காய்ச்சல், சீழ். ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டார்கள். டாக்டர் வீடியோவில் பார்த்து ஒன்றுமில்லை என்றார் என்று பழியை அந்த நல்ல மனிதர் தலையில் போட்டேன்.

இப்போது அவள் மூக்குத்தண்டு நடுவில் பள்ளமாகிவிட்டது. பெண் பார்க்க வருகிறவர்களின் பார்வை அங்கேயே போய் நிற்கிறது.

போன வாரம் பொறுக்க முடியாமல் அவளிடம் சொல்ல ஆரம்பித்தேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் என்னை முடிக்க விடவில்லை.

"தெரியும்மா. நீங்க டாக்டர்கிட்ட சொன்னது எனக்கு அப்பவே வெளங்குச்சு."

பிறகு ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன்.

"எனக்காகத்தானே நேந்தீங்க."

நேர்ந்தது அவளுக்காகத்தான். ஆனால் அந்தப் பொய்யைச் சொன்னபோது அவள் நினைவே எனக்கு இல்லை... முதல் சட்டி மட்டும்தான் கண்ணில் நின்றது. அதை அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் "ஆமா" என்றேன்.