லைன் சரியில்லை

அந்த வானொலி நிலையத்தில் அவர் தற்காலிக அறிவிப்பாளர். தற்காலிகமாகவே பன்னிரண்டு ஆண்டுகள். அங்கே பாட்டு கிடையாது. காலை ஆறு முதல் மாலை ஆறு வரை பேச்சுதான். செய்தி, சந்தை நிலவரம், சிந்தனை உரை, நாடகம், நேயர் கடிதம் என்று ஒன்றோடொன்று ஒட்டாத அத்தனையையும் வாரத்தில் மூன்று நாள் ஒட்டவைக்கும் குரல் அவருடையது.

ஆறரைக்கு ஒரு பேராசிரியர் அறிவியல் மனப்பான்மையைப் பற்றிப் பேசுவார். ஏழே முக்காலுக்கு ஒரு வைத்தியர் அந்த மனப்பான்மையைக் குழிதோண்டிப் புதைப்பார். அது நேரத்தை விலைக்கு வாங்கியவர்களின் நிகழ்ச்சி. "நம் குடும்பங்களின் நம்பிக்கைக்குரிய வைத்தியர்" என்ற முன்னுரையை எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அறிவிப்பாளர் ஒரு எழுத்தையும் மாற்றாமல் வாசிக்க வேண்டும். முப்பது நாள் என் பொடியைச் சாப்பிடு, சர்க்கரை மாத்திரையைக் குப்பையில் போடு என்பார் வைத்தியர்.

பதினொரு மணிக்கு நேரலை. நிஜமான டாக்டர் வந்து உட்கார்ந்து நேயர்களின் கேள்விக்குப் பதில் சொல்வார். காலை நிகழ்ச்சியைப் பற்றி யாராவது கேட்டால் அழைப்பைத் துண்டித்துவிட்டு, "லைன் சரியில்லை, மன்னிக்கவும்" என்று சொல்ல வேண்டும் என்பது இயக்குநர் போட்ட விதி. எழுத்தில் கிடையாது. இப்படிப்பட்ட விதிகள் எங்கேதான் எழுத்தில் இருக்கின்றன? அந்தக் காலை நிகழ்ச்சி வேண்டாமென்று அறிவிப்பாளர் இரண்டு முறை மனு கொடுத்தார். "அது அவங்க வாங்கின நேரம்மா. இது நம்ம கருத்து இல்லைன்னு கடைசியில ஒரு வரி வாசிக்கிறோமே, அப்புறமென்ன?" என்றார் இயக்குநர். அந்த ஒரு வரிக்கு ஒதுக்கிய நேரம் நான்கு நொடி. வேலை போய்விடும் என்ற பயத்தில் அறிவிப்பாளரும் ஒரு வருடமாக நல்ல லைன்களைக் கெட்ட லைன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான்காவது அழைப்பு.

"வணக்கம் டாக்டர். நான் தையல்காரி. கால் விரல்ல புண்ணு, ஆற மாட்டேங்குது. கறுத்துப் போச்சு."

அறிவிப்பாளருக்குக் குரல் தெரிந்தது. அவருடைய சொந்த அக்கா. இரண்டு தெரு தள்ளி வீடு. தையல் மெஷின் பக்கத்தில் நாள் முழுக்க ரேடியோ ஓடும்.

"சர்க்கரை இருக்காம்மா? மாத்திரை சாப்பிடுறீங்களா?"

"இருந்துச்சுங்க. மாத்திரையை நிறுத்தி இருபத்தஞ்சு நாளாச்சு. உங்க ரேடியோவுலதானே காலைல சொல்றாங்க, நிறுத்தச் சொல்லி. பொடிதான் சாப்பிடுறேன்."

ஸ்டுடியோ கண்ணாடிக்கு வெளியே இயக்குநர் வந்து நின்றார். கழுத்தை அறுப்பதுபோல் விரலால் சைகை காட்டினார். துண்டிக்கும் பொத்தான் அறிவிப்பாளரின் சுண்டுவிரலுக்கு ஒரு அங்குலத்தில் இருந்தது.

"உனக்கு அறிவிருக்கா அக்கா?" என்று கத்திவிட்டார் அறிவிப்பாளர். கத்தியது அப்படியே ஒலிபரப்பானது. "எவனோ சொன்னான்னு மாத்திரையை நிறுத்துவியா? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்க மாட்டியா?"

"ஏன்டி கத்துற? ஊரே கேக்குது. நீதானடி காலைல நம்பிக்கைக்குரிய வைத்தியர்னு சொல்ற? கூடப் பொறந்தவ சொல்றதை நம்பாம வேற யாரை நம்புறது?"

டாக்டர் மட்டும்தான் நிதானமாக இருந்தார். "அம்மா, மெஷினை அப்படியே விட்டுட்டு இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. நாளைக்குன்னு தள்ளினா காலே போயிடும். கேக்குற மத்தவங்களும் மாத்திரையை நிறுத்தாதீங்க."

அடுத்த அழைப்பு ஒரு கொத்தனாருடையது. "இதைத்தாங்க நானும் போன வாரம் கேட்டேன். லைன் சரியில்லைன்னு வெச்சிட்டீங்க." அதற்கடுத்து ஒரு பள்ளி ஆசிரியை, ஒரு பஸ் கண்டக்டர், தந்தைக்காகப் பேசிய ஒரு மகள். எல்லோரும் மாத்திரையை நிறுத்தியவர்கள். பன்னிரண்டரை மணி விவசாய உரையைத் தின்றுவிட்டு நேரலை நீண்டது. டாக்டரும் எழவில்லை. ஒலிக்கட்டுப்பாட்டாளர் ஒவ்வொரு அழைப்பாக உள்ளே தள்ளிக்கொண்டே இருந்தார்.

அறிவிப்பாளர் வெளியே வந்ததும் இயக்குநர் பாய்ந்தார். "கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நான் என்ன கூத்தா ஆடிட்டிருந்தேன்? குடும்பச் சண்டை போட இடமா இது?"

"சண்டை இல்ல சார். ஒரு வருஷமா நான் வெட்டிவிட்ட ஆளுங்களுக்குப் பதில். எங்க அக்காவா இல்லாம இருந்திருந்தா இவளையும் வெட்டியிருப்பேன். அதுதான் எனக்குக் கேவலமா இருக்கு."

மாலை மருத்துவமனையில் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தார். ஒரு விரலை எடுத்துத்தான் ஆக வேண்டும், பாதம் தப்பிக்கும் என்று சொல்லியிருந்தார்கள்.

"போ, உன்கூட பேச மாட்டேன். நாளைக்குத் தைக்க வர்றவளுங்க எல்லாம் அறிவிருக்கான்னு கேப்பாளுங்க."

"கேக்கட்டும். மாத்திரை போட்டியா?"

"போட்டேன். உனக்காக இல்ல, அந்த டாக்டருக்காக. அவர் திட்டல."

அப்போது இயக்குநரின் அழைப்பு. வைத்தியரின் ஆட்கள் கொதிக்கிறார்களாம். வியாழக்கிழமை ஏழே முக்காலுக்கு ஒரு மன்னிப்பு வாசித்தால் விவகாரம் முடிந்துவிடுமாம்.

"வாசிக்கிறேன் சார். யார்கிட்ட மன்னிப்பு கேக்கணும்னு நான் எழுதிக்கிறேன்."

"அப்படின்னா வர வேண்டாம்."

"சரி சார்."

அக்கா தலையை மெல்லத் திருப்பினார். "வேலை போச்சா?"

"போச்சு."

"உனக்கு அறிவிருக்கா?" என்றார் அக்கா. பிறகு சற்று நகர்ந்து, கட்டிலில் தங்கைக்கு இடம்விட்டார்.