காக்காவின் பாஸ் பெட்டி

சின்ன ஸ்பீக்கருக்கு எந்த சப்வூஃபர் பொருந்தும் என்று இன்று இந்தக் குழுவில் ஒரே சண்டை. எண்பதுகளிலேயே கல்முனையில் இதற்கு விடை கண்டவர் எங்கள் மூத்த அண்ணன், நவாஸ் காக்கா.

சவூதியிலிருந்து அவர் கொண்டுவந்த கேசட் செட்டுக்கு இரண்டு ஸ்பீக்கர்கள். ஒவ்வொன்றும் பாண் ரொட்டி அளவு.

"பாஸ் காணாது" என்று சொல்லி, அக்கரைப்பற்றில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவரிடம் அலுமாரி அளவில் ஒரு பெட்டி வாங்கி வந்து இணைத்தார்.

காக்காவை மாப்பிள்ளை பார்க்கப் பெண்ணின் வாப்பா வந்த அன்றுதான் அரங்கேற்றம்.

பாடகர் பாடினாரா, தெரியாது. "தும் தும்" மட்டும் கேட்டது. உம்மாவின் பீங்கான் கோப்பைகள் தட்டிலிருந்து ஒவ்வொன்றாகக் குதித்தன.

அடுத்த தெருக்காரர் ஒருவர் நெல் மூட்டையோடு வாசலில் வந்து நின்றார். "மில்லு எப்ப துறந்த?"

காக்கா ஓடிப்போய் செட்டை நிறுத்தினார். சம்பந்தம் போயிற்று என்றே நினைத்தோம்.

பெண்ணின் வாப்பா கையிலிருந்த தேத்தண்ணியைக் குடித்து முடித்து எழும்பினார். "மருமகன், எங்கட ஊட்டுக்கு நீங்க மட்டும் வாங்க. இந்தப் பெட்டி இஞ்சயே கிடக்கட்டும்."

எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் குடியேறுவார். காக்கா போய்விட்டார்.

பெட்டிக்கு இன்னும் சம்பந்தம் அமையவில்லை. நல்ல இடம் தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள்.