ஐந்து படிகளுக்காக ஒரு பேச்சு

2025 ஜனவரி 12, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி ஐந்து நிமிடம். பனிமூட்டம் பாதி விலகி, வெயில் வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. கல்கத்தாவின் பெஹாலா பகுதியில், எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் பொதுக்கூட்டம். மங்கி கேப் அணிந்த இருபத்தேழு பேர் முன்னால் நான் பேசியாக வேண்டும்.

லிஃப்டிலிருந்து வாசலுக்கு ஐந்து படிகள். இடுப்பெலும்பு முறிந்து சக்கர நாற்காலிக்கு வந்த என் மனைவி செப்டம்பர் நடுவிலிருந்து வெளியே போகவில்லை. படிகளின் ஓரமாக ஒரு சாய்தளம் போட்டால் போதும். ஆனால் இரண்டு ஸ்கூட்டர் நிறுத்தும் இடம் போய்விடும். அதனால் குடியிருப்புச் சங்கச் செயலாளர் இரண்டு முறை "பார்க்கலாம் தாதா" என்று அண்ணன் முறை வைத்தே தள்ளிவிட்டார். நாற்பத்தொரு வருடம் இந்த ஊரில் இருந்தும், கூட்டத்தைக் கண்டால் எனக்கு வங்காள மொழி வாயில் வராது.

ஆகவே மேடைப் பேச்சு வகுப்பு, எட்டு சனிக்கிழமைகள். சொல்லிக்கொடுத்தவள் என் மகளைவிடச் சின்னவள்; என்னைச் சித்தப்பா முறை வைத்து மேஷோ என்பாள். "மேஷோ, பேச்சுல பதினாலு எண் சொல்றீங்க. ஒண்ணே ஒண்ணு வச்சுக்குங்க. அதைச் சொல்லிட்டு மூணு விநாடி சும்மா நில்லுங்க, எல்லாரும் உங்களையே பார்ப்பாங்க" என்றாள். பதின்மூன்று எண்களை விட்டுக்கொடுப்பது பல் பிடுங்குவது போலிருந்தது. வீட்டில் ஒத்திகை பார்த்தேன்.

"ஏன் நிறுத்திட்டேள்? பிரஷர் மாத்திரை போட்டுண்டேளா?" என்று பதறினாள் மனைவி.

கூட்டத்தில் எழுந்தேன். "என் மனைவி இந்த வாசலைத் தாண்டி நூற்றுப் பதினெட்டு நாள் ஆகிறது" என்று வங்காள மொழியில் சொல்லி நிறுத்தினேன். ஒன்று, இரண்டு...

மூன்று வரவில்லை. கல்கத்தாக் கூட்டத்தில் இரண்டு விநாடி சும்மா நிற்பவர் பேசி முடித்துவிட்டார் என்று பொருள்.

"பௌதி சென்னைக்குப் போயிருக்காங்கன்னு இல்ல நெனச்சேன்!" என்றார் என் மனைவியை அண்ணி முறை வைத்துக் கூப்பிடும் மூன்றாம் மாடிக்காரர்.

"அப்போ துர்கா பூஜைக்குக்கூட கீழே வரலையா?" என்றாள் அவர் மனைவி.

"ஸ்கூட்டரை எங்க வைக்கிறது?" செயலாளர் கேட்டார்.

"உங்க தலையில வைங்க! நாலு நாளும் நாம கீழே மேளம் அடிச்சோம், அவங்க மேல உக்காந்து கேட்டிருக்காங்க!" என்று சீறினாள் மூன்றாம் மாடி அம்மாள்.

இன்னும் ஆறு நிமிடப் பேச்சு என்னிடம் பாக்கி இருந்தது. கை தூக்கினேன். "நீங்க உக்காருங்க தாதா, நாங்க பேசிட்டிருக்கோம்ல" என்று அதட்டினார்கள். நாற்பது நிமிடம் எனக்காக அவர்களே சண்டை போட்டு, சாய்தளத்துக்கு ஒப்புதல் வாங்கிவிட்டார்கள்.

பிப்ரவரியில் அவள் முதன்முறையாக இறங்கினாள். சரிவு கொஞ்சம் செங்குத்துதான், எனக்குத் திருப்தியில்லை. அவள் அதையெல்லாம் கவனிக்காமல் மூன்றாம் மாடி அம்மாளோடு தெருமுனை வரை போய்விட்டாள்.

வகுப்புக்கு 4,800, சாய்தளத்தில் என் பங்கு 2,150, அன்று எல்லோருக்கும் கொடுத்த சந்தேஷ் இனிப்பு 640. ஆக மொத்தம் 7,590 ரூபாய்.