எட்டுப் பாகமும் ஒரு கிடாவும்

டீவியில ஒரு கொலைக்கதைத் தொடர நாலு தடவ பாத்திருக்கேன்னு சொன்னா, எங்க ஸ்கூல்ல மத்த டீச்சருங்க என்னைய மேலயும் கீழயும் பாக்குறாங்க. "கொன்னவன் யாருன்னு தெரிஞ்ச பொறகு என்னத்தப் பாக்குறது?"ன்னு கேக்குறாங்க. கேக்குறவங்க யாரு? வருசா வருசம் காமன் கூத்துக்கு மொத வரிசையில பாய் போட்டு ஒக்காருறவங்க. காமன் எரியப் போறான்னு தெரியாமலா போய் ஒக்காருறாங்க? அத மட்டும் எத்தன தடவ வேணும்னாலும் பாக்கலாமாம். என் தொடர ஒரு தடவயோட தூக்கிப் போட்டுறணுமாம். நல்லா இருக்கு ஞாயம்!

அது ஒரு வெள்ளக்கார நாட்டுத் தொடர். பெரிய பெரிய விருதெல்லாம் வாங்குனதாம். ஹட்டன்ல போன் கடை வச்சிருக்க ஒருத்தர் தமிழ் டப்பிங்கோட பென் டிரைவ்ல போட்டுக் குடுத்தாரு. எட்டுப் பாகம். நுவரெலியா மாதிரியே குளிரும் பனியும் ஏரியும் உள்ள ஒரு ஊரு. அந்த ஏரிக்கரையில ஒரு டீச்சரம்மா செத்துக் கெடக்குறா. விசாரிக்க வர்ற பொம்பளப் பொலிசுக்கு எட்டுப் பாகமும் சளி. மூக்க உறிஞ்சிக்கிட்டே மெட்ராஸ் தமிழ்ல "இன்னா மேட்டரு?"ன்னு கேப்பா. மொத நாள் அதுக்கே வயிறு வலிக்க சிரிச்சோம்.

சிரிச்சோம்னா, எங்க தேயிலத் தோட்டத்து லயமே, அந்த வரிசை வீடு பூராவும் சிரிச்சிச்சு. நான் ஒண்டிக்கட்ட. ஆனா எங்க லயத்துலயே பெரிய டீவி என் காம்பராவுல, அந்த ஒத்த அறையிலதான் இருக்கு. ஞாயித்துக்கிழம மத்தியானம் சோத்தத் தின்னுட்டு எல்லாரும் வந்துருவாங்க. எங்க தோட்டத்துத் தலைவரு நாக்காலியில ஒக்காருவாரு. அவர்தான் தொழிலாளர் சங்கத்துக்கும் தலைவரு, கோயில் கமிட்டிக்கும் தலைவரு. மத்தவங்க பாயில. பக்கத்து காம்பரா புள்ள மட்டும் கதவோரத்துல சாஞ்சுக்கிட்டு பாப்பா. தேயிலக் கொழுந்து பறிக்கிற புள்ள. புருசன் கொழும்புல கடையில நிக்கிறான். ரெண்டு பொம்பளப் புள்ளைங்க, ரெண்டும் என்கிட்டதான் படிக்குதுங்க.

ரெண்டாவது பாகத்துலயே தலைவரு தீர்ப்பு சொல்லிட்டாரு. "தோட்டக்காரந்தான்!" தொடர்ல பூச்செடிக்குத் தண்ணி ஊத்துற அந்தத் தோட்டக்காரன் யார் மூஞ்சியையும் நேரா பாக்க மாட்டான். கேட்டதுக்குப் பதில் சொல்ல மாட்டான். வேற என்ன சாட்சி வேணும்? லயமே ஆமாம்னுச்சு. நானும்தான் ஆமாம்னேன், என்னவோ பொலிஸ்ல இருவது வருசம் சர்வீஸ் போட்டவ மாதிரி. கடைசிப் பாகத்துல பாத்தா, ஊருக்கே நல்லவரா இருந்த டாக்டரு. எல்லாரும் "அடச்சீ"ன்னு எந்திரிச்சு பாயச் சுருட்டிட்டு போயிட்டாங்க.

அந்தப் புள்ள மட்டும் போகல. "அக்கா, மறுபடி மொதல்லருந்து போடுறீங்களா?"ன்னா.

இவளுக்கு என்ன பைத்தியமான்னுதான் நெனச்சேன். ஆனா போட்டேன். ஐயோ, அந்த ரெண்டாவது தடவ இருக்கே! மொதப் பாகத்துலயே அந்த டாக்டரு செத்தவளப் பத்தி "அவ ரொம்ப நல்லவளா இருந்தா, பாவம்"னு சொல்றாரு. அப்ப பொணத்தயே இன்னும் யாரும் கண்டுபிடிக்கல! நாங்க எல்லாரும் கேட்டோம். ஒருத்தர் காதுலயும் ஏறல. அந்தப் புள்ளதான் என் கையத் தட்டிக் காட்டுனா. "அந்தாளு மொதல்லயே சொல்லிட்டான் பாருங்கக்கா. நம்மதான் தோட்டக்காரன் மூஞ்சியயே மொறச்சுக்கிட்டு இருந்தோம்." மூனாவது தடவ தோட்டக்காரனுக்காகவே பாத்தோம். அவன் பேசாம இருந்தது திமிருல்ல. என்ன சொன்னாலும் நம்ப மாட்டாங்கன்னு அவனுக்கு மொதல்லயே தெரிஞ்சிருந்துச்சு. அந்தப் புள்ள முந்தானையில கண்ணத் தொடச்சுக்கிட்டா. நானும் அழுதேன். ஆகா, மனுசங்களப் படிக்கக் கத்துக்கிட்டோம்னு எனக்கு ஒரே பெரும. ஸ்டாப் ரூம்ல ஒரு வாரம் அதயே பேசி எல்லார் உசுரயும் வாங்குனேன்.

அந்த மாசந்தான் கோயில் கிடா காணாமப் போச்சு.

முனியாண்டிக்கு நேந்து விட்ட கிடா. கறுப்புக் கிடா, நல்ல கொழுத்தது. திருவிழாவுக்குப் பத்து நாள்தான் இருந்துச்சு. தலைவருதான் பொறுப்பா எடுத்து, தண்ணி புடிக்கிற பீலிக்குப் பக்கத்துல கட்டி வச்சிருந்தாரு. ஒரு திங்கக்கெழம எல்லாரும் கொழுந்து மலைக்கு வேலைக்குப் போயிட்டாங்க, நான் ஸ்கூலுக்குப் போயிட்டேன். மத்தியானம் வந்து பாத்தா, ஆடு கெடந்த எடத்துல மசிரு கூட இல்லன்னு சொல்லுவாங்களே, அதான். கயிறும் இல்ல.

அப்ப பாக்கணுமே எங்க ஆளுங்கள! தொடர் பாத்த அத்தன பேரும் இன்ஸ்பெக்டரு. ஒருத்தர் ஆட்டுப் புழுக்கையப் போன்ல படம் புடிச்சாரு. இன்னொருத்தர் பீலிப் பக்கம் ஒருத்தரயும் விடாம "தடயம் அழிஞ்சிரும்"னு கையக் கட்டிக்கிட்டு நின்னாரு, லயத்துக்கே அன்னைக்கு குடிக்கத் தண்ணியில்ல. தலைவரு மூக்க உறிஞ்சிக்கிட்டே வீடு வீடா விசாரிச்சாரு. சத்தியமா சொல்றேன், அவருக்கு சளி கூட இல்ல.

விசாரிச்சதுல ஒரு சங்கதி கெடச்சிச்சு. அன்னைக்கு காய்ச்சல்னு அரப்பேரோட, அதாவது அர நாள் சம்பளத்தோட, பக்கத்து காம்பரா புள்ள மலையிலருந்து வந்துட்டா. பகல்ல லயத்துல இருந்தது அவ ஒருத்திதான். சாயங்காலம் அவ வீட்டுலருந்து கறி மணம் வந்துச்சாம். போதாதா? புருசனும் ஊர்ல இல்லாத பொம்பள. தனியா ஒரு கிடாவ அறுத்து, தோலு எலும்பு ஒன்னும் வெளிய தெரியாம மறச்சு, ரெண்டு சின்னப் புள்ளைங்களோட ஒரு பொழுதுல தின்னு முடிச்சிருக்கா! கேக்குறவன் கேனையனா இருந்தா எதையும் சொல்லலாம். எங்க லயத்துல எல்லாரும் கேட்டோம்.

செவ்வாக்கெழம சாயங்காலம் கோயில் வாசல்ல கூட்டம். தலைவரு தட்டுல சூடத்தக் கொளுத்தி வச்சு, "எடுக்கலன்னா அணைச்சு சத்தியம் பண்ணும்மா"ன்னாரு.

"நான் எடுக்கல. சத்தியமும் பண்ண மாட்டேன்"னா அவ. "இத்தன பேருல என்னய மட்டும் ஏன் பண்ணச் சொல்றீங்க? எல்லாரும் பண்ணுங்க, நானும் பண்றேன்."

"மடியில கனமில்லன்னா வழியில என்ன பயம்?"னு பின்னாலருந்து ஒரு பொம்பள கத்துனா. கூட்டம் தலையாட்டுச்சு.

அப்பதான் தலைவரு என் பக்கம் திரும்புனாரு. "டீச்சர், நீங்க படிச்சவங்க, பொய் சொல்ல மாட்டீங்க. செவுத்துக்கு அந்தப் பக்கந்தான் ஒங்க வீடு. நேத்து சாயங்காலம் இவ வீட்டுலருந்து கறி மணம் வந்துச்சா, வரலயா?"

எல்லாரும் என்னையப் பாத்தாங்க. அவளும் பாத்தா. அவ மூஞ்சியில அதுவர இருந்த இறுக்கம் கொஞ்சம் எளகுச்சு. அக்கா சொல்லிரும்னு நம்புன மூஞ்சி அது. நான் சேலையச் சரி பண்ணிக்கிட்டேன். சாட்சி சொல்லப் போறேன்ல! குரல ஒசத்தி, கிளாஸ்ல சொல்ற மாதிரி தெளிவா சொன்னேன். "வந்துச்சு."

அவ்வளவுதான். ஒரு வார்த்த. அவ ரெண்டு புள்ளைங்களயும் கையில புடிச்சுக்கிட்டு எறங்கிப் போயிட்டா. சூடம் தானா எரிஞ்சு அணைஞ்சிச்சு.

வீட்டுக்கு வந்து அடுப்பப் பத்த வச்சுட்டு அலுமாரியத் தொறந்தேன். உள்ள ஒரு சோயா மீட் பாக்கெட். சோயாவுல செய்யிற சைவந்தான், ஆனா ஆட்டெறச்சி ருசின்னு மேல எழுதியிருக்கும், மசாலாத் தூளும் உள்ளயே இருக்கும். சனிக்கெழம டவுனுக்குப் போனப்ப நானே ரெண்டு வாங்குனேன், ஒன்னு எனக்கு, ஒன்னு அவளுக்கு. அவதான் வாங்கிட்டு வரச் சொல்லியிருந்தா. கறி மணம் என்ன கறி மணம்! நான் வாங்கிக் குடுத்த மணம் அது.

ஒடனே ஓடிப் போய்ச் சொல்லியிருக்கணும். சொன்னேனா? ம்ஹூம். நாளைக்குச் சொல்லுவோம்னு நெனச்சேன். மறுநாள் வந்தப்ப, டீச்சரே தப்பாச் சொல்லிட்டாங்கன்னு பேராயிருமேன்னு தோனுச்சு. ஊர் மத்தியில குரல ஒசத்தி வேற சொல்லித் தொலச்சேனே! அதுக்குள்ள மலையில அவ பக்கத்து நெரையில நின்னு கொழுந்து பறிக்க யாரும் வரல. பீலியில அவ கொடத்தத் தள்ளி வச்சாங்க. வியாழக்கெழம என் கிளாஸ்லயே, அவளோட மூத்த மக பாட்டுச் சொல்ல எந்திரிச்சப்ப பின்னாலருந்து ஒருத்தன் "மே..."ன்னான். கிளாஸ் பூரா "மே... மே..."ன்னு கத்துச்சு. நான் மேசையத் தட்டி "சத்தம் போடாதீங்க"ன்னேன். அவ்வளவுதான் செஞ்சேன். அந்தப் பிஞ்சு தலையக் குனிஞ்சுக்கிட்டே மிச்சப் பாட்டையும் ஒரு வரி விடாம சொல்லி முடிச்சிச்சு.

வெள்ளிக்கெழம பக்கத்துத் தோட்டத்துலருந்து தலைவருக்குப் போன் வந்துச்சு. ஒரு கறுப்புக் கிடா கயிறோட வந்து அங்க லீக்ஸ் மரக்கறிப் பாத்தியப் பூரா மேஞ்சு தீத்துட்டு, போக மாட்டேங்குதாம். வந்து தொலைங்கன்னு பேச்சு. முனியாண்டி கிடா ஆட்டோவுல மாப்பிள்ள மாதிரி வந்து எறங்குச்சு, இன்னும் கொஞ்சம் கொழுத்துப் போய். லயமே கைதட்டிச் சிரிச்சிச்சு. புழுக்கையப் படம் புடிச்சவர் கிடாவோட நின்னு செல்பி எடுத்தாரு. அந்தப் புள்ளகிட்ட ஒருத்தரும் போய் ஒரு வார்த்த சொல்லல.

நான் தலைவர்கிட்ட போனேன். சோயா மீட் கதையச் சொன்னேன். கூட்டத்தக் கூட்டுங்க, நாந்தான் மறந்துட்டேன்னு எல்லார் முன்னாலயும் சொல்றேன்னேன். அவரு கிடாவுக்கு இல ஒடிச்சுப் போட்டுக்கிட்டே சிரிச்சாரு. "அதான் கிடா கெடச்சிருச்சே டீச்சர், இன்னும் என்னத்தப் பேசுறது?"

ஞாயித்துக்கெழம மத்தியானம் யாரயும் கூப்பிடல. கதவச் சாத்திட்டு நாலாவது தடவயா அந்தத் தொடரப் போட்டேன். எதுக்குப் போட்டேன்னு எனக்கே தெரியல. மூனாவது பாகத்துல பொலிஸ்காரி ஒரு வீட்டுக் கதவத் தட்டுவா. ஒரு பொம்பள சன்னல்லருந்து எட்டிப் பாத்து, "ஆமா, தோட்டக்காரன் அந்தப் பக்கமாத்தான் போனான்"னு சொல்லுவா. தலைமுடியச் சரி பண்ணிக்கிட்டே சொல்லுவா. பத்து செக்கனுக்கு மேல இருக்க மாட்டா. அதுக்குப் பொறகு எட்டாவது பாகம் முடியிற வர அவளக் காட்டவே மாட்டாங்க. அவ சொன்னது பொய்யும் இல்ல, அவன் அந்தப் பக்கந்தான் போனான். அவ சொன்ன மறு நிமிசம் அவன் கையில வெலங்கு விழுது. மூனு தடவ பாத்தேனே, அவ ஒருத்தி இருக்கான்னே எனக்குத் தெரியாது. தோட்டக்காரனுக்காக அழுதப்ப நான் என்னைய அவன் கட்சின்னு நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன், வெக்கங்கெட்டவ. டீவிய நிறுத்திட்டு அப்படியே பக்கத்து காம்பராவுக்குப் போனேன்.

அவ வாசல்ல ஒக்காந்து அரிசி பொடச்சுக்கிட்டு இருந்தா. நான் நின்னுக்கிட்டே எல்லாத்தயும் கொட்டுனேன். சோயா மீட்ட, கிளாஸ்ல பேசாம இருந்தத, தலைவர்கிட்ட போனத. அவ மொறத்த மடியில வச்சுக்கிட்டு கேட்டா.

"அன்னைக்கு ஒங்க மூஞ்சியப் பாத்தப்பவே தெரிஞ்சிச்சுக்கா, மறந்துட்டீங்கன்னு"ன்னா. "வீட்டுக்குப் போன பொறகாச்சும் ஞாபகம் வந்திருக்கும்ல?"

"வந்துச்சு புள்ள."

"ம்." அவ மொறத்துல கெடந்த ஒரு கல்லப் பொறுக்கிப் போட்டா.

"என்னைய மன்னிச்சிரு"ன்னேன். அழுக வந்துருச்சு. "புள்ளைங்களயும் கூட்டிக்கிட்டு வா. ஒக்காந்து பாப்போம். ஒனக்கு ஒன்னு காட்டணும்."

"வேணாங்கக்கா."

"இன்னும் கோவமா?"

"கோவமெல்லாம் இல்லக்கா, மன்னிச்சாச்சு"ன்னா. என்னையப் பாத்து நல்லாவே சொன்னா. "ஒங்க வீட்டுல வந்து ஒக்காந்துட்டுப் போன பொறகு ஒரு கரண்டி காணாமப் போச்சுன்னா, நான் என்னக்கா செய்வேன்?"

சொல்லிட்டு மறுபடி அரிசியப் பொடைக்க ஆரம்பிச்சா.