பாசி பிடிக்காத தொட்டி

1963இல் சொர்ணலட்சுமி மாற்றலாகி வரும்வரை, திருத்தங்கலின் அந்தப் பெண்கள் பள்ளியில் மீன்தொட்டி என்றால் பொன்னுத்தங்கம் டீச்சருடையது ஒன்றுதான். மதுரையில் வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த கண்ணாடித் தொட்டி. தெருவில் போகிறவர்களுக்கும் தெரியட்டும் என்று ஐந்தாம் வகுப்பின் கிழக்குச் சன்னலில் வைத்திருந்தாள். இடைவேளைதோறும் பிள்ளைகள் அவளை மொய்த்துக்கொண்டு தங்கமீன்களுக்குப் பொரியும் சோறும் போடுவார்கள். நாற்பது வயதில் தனியாக வாழும் பொன்னுத்தங்கத்துக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் கிடையாது.

புதிதாக வந்த சொர்ணலட்சுமியும் ஒரு தொட்டியோடு வந்தாள். வடக்கு வராந்தாவின் நிழலில், செடிகள் அடர்ந்து, தண்ணீர் இருப்பதே தெரியாத அளவுக்குத் தெளிந்திருந்தது அது. பொன்னுத்தங்கத்தின் தொட்டியோ அந்தப் புரட்டாசியில் கீரைச்சாறு போல் பச்சையாகிவிட்டது. கண்ணாடியைத் தேங்காய் நாரால் தேய்த்தாள், தண்ணீரை மாற்றினாள். நாலே நாளில் மறுபடியும் பச்சை.

பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக வராந்தாவுக்கு நகர்ந்தார்கள்.

"அங்கன மீனு எம்புட்டுத் தெளிவாத் தெரியுது டீச்சர்!" என்று சொர்ணலட்சுமியின் வகுப்புச் சிறுமி முத்துப்பேச்சி கள்ளமில்லாமல் சொன்னபோது பொன்னுத்தங்கத்துக்குப் பொறுக்கவில்லை. அன்று சாயங்காலம் எல்லோரும் போனபின், தன் தொட்டியிலிருந்து ஒரு செம்பு பச்சைத் தண்ணீரை மொண்டு வந்து சொர்ணலட்சுமியின் தொட்டியில் ஊற்றினாள்.

மறுநாள் முதல் ஏதாவது சாக்கு வைத்து வராந்தாவில் நடந்தாள். முதல் நாள் லேசாகக் கலங்கியிருந்தது. பத்தாம் நாள் பழையபடி பளிங்காக இருந்தது. அவளுக்குத் தூக்கமே போய்விட்டது. கடைசியில் வாய்விட்டுக் கேட்டுவிட்டாள்.

"உங்க தொட்டியில மட்டும் ஏன் பாசி பிடிக்க மாட்டேங்குது?"

"வெயிலும் மிச்சத் தீனியும்தானே டீச்சர் பாசிக்குச் சாப்பாடு. இங்கன வெயில் விழாது. நாளுக்கு ஒரு வேளைதான் தீனி, அதுவும் ஒரு சிட்டிகை. மீதி எது இருந்தாலும் செடிக எடுத்துக்கிடும்."

பொன்னுத்தங்கம் தலையைக் குனிந்துகொண்டாள். "என் தொட்டிப் பாசித்தண்ணிய உங்க தொட்டியில ஊத்துனது நாந்தான்."

சொர்ணலட்சுமி தன் தொட்டியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "மறுநா காலைல வந்து பாத்தா தொட்டி கலங்கிக் கெடந்துச்சு. முத்துப்பேச்சிதான் ஏதோ பண்ணிட்டான்னு வகுப்புக்கு வெளிய நிக்க வச்சேன். புள்ள ரொம்ப அழுதா. எங்கிட்டச் சொன்னத அவகிட்டச் சொல்லுங்க."

மறுநாள் காலை சொர்ணலட்சுமியின் வகுப்பு முழுவதும் பார்த்திருக்க, பொன்னுத்தங்கம் அந்தச் சிறுமியிடம் நடந்ததைச் சொல்லி, "தப்பு என் மேலதான், தாயி" என்றாள். அடுத்து வந்த நாட்களில் முத்துப்பேச்சி இரண்டு தொட்டிப் பக்கமும் போகவில்லை.

பொன்னுத்தங்கம் தொட்டியைச் சன்னலிலிருந்து இறக்கி உள்சுவரோரம் வைத்தாள். கண்மாய்க்குப் போய்க் கை நிறையச் செடி பிடுங்கி வந்து நட்டாள். பொரியை நிறுத்தினாள். கார்த்திகை பிறப்பதற்குள் தண்ணீர் தெளிந்தது. தெருவிலிருந்து பார்த்தால் தொட்டி இப்போது தெரியாது. பிள்ளைகளில் பாதிப்பேர் திரும்பி வந்தார்கள். பாதிப்பேர் வராந்தாவிலேயே நின்றுவிட்டார்கள். அங்கிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு இன்னமும் சுருக்கென்றது. ஆனாலும் எழுந்து போய் எட்டிப் பார்க்காமல், கையிலிருந்த நோட்டைத் திருத்திக்கொண்டிருந்தாள்.