மூடியில் அடைபட்ட சிறு துளை

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது இலங்கை மலையகத்தில், லிந்துலையில் எனக்குச் சின்னதாக ஒரு கராஜ் இருந்தது. லொறிகளும் தோட்டத்து ட்ரக்டர்களும்தான் பெரும்பாலும் வரும். ஒருநாள் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தை நிர்வகித்த துரை ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு கொட்டகையில், மூடியிருந்த படங்குத் துணிக்குக் கீழே, இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் கிடந்தது. சீமைக்குத் திரும்பிப் போன பழைய வெள்ளைக்காரத் துரை விட்டுவிட்டுப் போன வண்டி. சாமான் கிடைக்காமல் வருடக்கணக்காக அங்கேயே நின்றிருக்கிறது.

என்ஜினைக் கொழும்பில் செய்து கொண்டுவந்துவிட்டார்கள். பிரேக் மட்டும் என் பொறுப்பு. சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தால் எல்லாம் துருவேறிப் பிடித்திருந்தன. அப்போதுதான் வெளிநாட்டுச் சாமான்கள் மறுபடி கொழும்புக் கடைகளுக்கு வரத் தொடங்கியிருந்தன. ரப்பர்கள், லைனிங், குழாய்கள் எல்லாவற்றையும் தேடி வாங்கிப் புதிதாகப் போட்டேன். இரண்டு வாரம் வேறு வேலை எடுக்கவில்லை.

"பாக்கும்போது புதுசு மாதிரி இருக்கணும்" என்று துரை சொல்லியிருந்தார். அதனால் வெளியே தெரியும் பாகங்களை எல்லாம் அரத்தாளால் தேய்த்துக் கறுப்பு பெயின்ட் அடித்தேன். பிரேக் ஒயில் ஊற்றும் டப்பாவின் மூடிக்கும் இரண்டு பூச்சு. பளபளவென்று இருந்தது. கராஜுக்கு வந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன்.

லிந்துலைக்குள் ஓட்டிப் பார்த்ததில் பிரேக் கச்சிதமாகப் பிடித்தது. மறுநாள் தோட்டத்து டிரைவர், துணி மேல்கூரை தைப்பதற்காகக் காரைக் கொழும்புக்கு எடுத்துப் போனார். ஹட்டன் தாண்டி, வட்டவளையும் தாண்டி, கினிகத்தேனைக்கு இறங்கும் வழியில் பிரேக் மிதி ஒரேயடியாகக் கீழே போய்விட்டது. எதிரே ஆட்களோடு ஒரு பஸ் ஏறி வந்துகொண்டிருந்ததாம். டிரைவர் கியரைக் குறைத்து, கைபிரேக்கை இழுத்து, மலைப்பக்க மண்சுவரில் காரை உரசவிட்டு நிறுத்திவிட்டார். காரின் முன்பக்கம் நசுங்கியது. அவருக்கு மணிக்கட்டு முறிந்தது. பஸ்ஸில் இருந்தவர்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

காரைக் கட்டி இழுத்து என் கராஜுக்குக் கொண்டுவந்தார்கள். துரையும் வந்தார். கையில் மாவுக்கட்டோடு டிரைவரும் வந்தார்.

"ஹட்டன் தாண்டினதிலருந்தே வண்டி இழுத்துப் பிடிச்ச மாதிரி இருந்திச்சிங்க தொரை. கருகின வாடையும் வந்திச்சி" என்றார் டிரைவர்.

துரை அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்: "எறக்கம் பூரா கால பிரேக்கிலேயே வச்சிக்கிட்டு ஓட்டியிருக்கான். அப்படித்தானே?"

அப்படி ஓட்டினாலும் பிரேக் சூடேறிக் கைவிடும் என்பது உண்மைதான். நான் காரின் பானெட்டைக்கூட இன்னும் திறந்திருக்கவில்லை. இருந்தும் என் வாயிலிருந்து வந்தது: "ஆமாங்க தொரை. அப்படித்தான் இருக்கும்."

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். அன்றைக்கே அவரை வேலையிலிருந்து நிறுத்தி, குடியிருந்த அறையையும் மாதக் கடைசிக்குள் விட்டுவிடச் சொல்லிவிட்டார்கள்.

மூன்றாம் நாள்தான் காரில் கைவைத்தேன். ஒயில் மூடியைத் திருகியதும் 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தது. மூடியில் காற்று போய்வர வழி இருந்தால் அப்படி இழுக்காது. மூடியை மண்ணெண்ணெயில் கழுவி வெளிச்சத்தில் பிடித்தேன். நடுவில் ஒரு சின்னப் புள்ளி அமுங்கித் தெரிந்தது. ஊசியால் குத்தியதும் கறுப்பு பெயின்ட் சிறு உருண்டையாக வந்து விழுந்தது. காற்று போய்வர வைத்திருந்த துளை அது. சூட்டில் பெருத்த ஒயிலுக்குப் போக்கிடமில்லாமல் பிரேக் தானாகவே பிடித்துக்கொண்டிருக்கிறது; பிடித்தபடியே ஓடி ஒயில் கொதித்ததும் மிதி கீழே போயிருக்கிறது. டிரைவர் சொன்ன வார்த்தை அத்தனையும் சரி.

யாருக்கும் தெரியாது. மூடியை மாட்டிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். கொஞ்ச நேரம் அப்படி நினைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பிறகு மூடியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு டிரைவரின் அறைக்குப் போனேன். அவர் மனைவி பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"இத எங்கிட்ட சொல்லி என்னாங்க ஆகப்போவுது? தொரைகிட்ட சொல்லுங்க" என்றார் டிரைவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஒற்றைக் கையால் சட்டையை மாட்டிக்கொண்டு, "வாங்க, நானும் வாறேன்" என்று எழுந்தார்.

பங்களா வாசலில் மூடியையும் ஊசியையும் துரையிடம் கொடுத்தேன். அவர் துளையில் ஊசியை விட்டு எடுத்து, மறுபடி விட்டுப் பார்த்தார்.

"அன்னைக்கி ஏன் ஆமான்னு சொன்னீங்க?"

"நீங்க கேட்டீங்க, சொல்லிட்டேங்க. வண்டியப் பாக்காமலே சொல்லிட்டேன்."

துரை மூடியை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு டிரைவரிடம், "கை நல்லானதும் வேலைக்கு வாங்க. ரூம விட வேணாம்" என்றார். அதுவரை அவரை 'வா', 'போ' என்றுதான் துரை பேசிக் கேட்டிருக்கிறேன்.

பிரேக்கை மறுபடி முழுக்கப் பிரித்துச் செய்தேன். முடிந்ததும் அதே இறக்கத்தில் நானே ஓட்டிக் காட்டுவதாகச் சொன்னேன். நான் கூப்பிடாமலே டிரைவர் வந்து பக்கத்தில் ஏறிக்கொண்டார். மாவுக்கட்டு இன்னும் பிரிக்கவில்லை. வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி, இறங்கி, சக்கரங்களைத் தொட்டுச் சூடு பார்த்தேன். கினிகத்தேனைக் கடையில் பிளேன்டீ குடிக்கும்போதுதான் அவர் வாய் திறந்தார்: "பெயின்ட் அடைச்சது யாருக்கும் வரக்கூடிய தப்புங்க. நீங்க ஆமான்னு சொன்னீங்க பாருங்க, அதான் எனக்கு ரெண்டு ராத்திரி தூக்கமில்ல."

இத்தனை வருடங்களுக்குப் பிறகும், வண்டி கெட்டதற்கான காரணத்தைத் தாங்களே சொல்லிவிட்டு 'அப்படித்தானே?' என்று யாராவது கேட்டால், 'பார்த்துவிட்டுச் சொல்கிறேன்' என்கிறேன். அந்தச் சின்ன வார்த்தையைச் சொல்ல அன்று எனக்கு நா எழவில்லையே என்ற வெட்கம் ஒவ்வொரு முறையும் கூடவே வருகிறது.