அம்மை என்று சொன்னவர்கள்

பம்பு செட்டு வாங்கினால்கூட பெட்டிக்குள் ஒரு காகிதம் வைத்திருப்பார்கள். எங்கே எண்ணெய் விட வேண்டும், தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் என்ன ஆகும், சத்தம் மாறினால் என்ன செய்ய வேண்டும் என்று அதில் போட்டிருக்கும். என் மனைவியின் மார்பிலிருந்து கட்டியை அறுத்தெடுத்து, இனி மூன்று வாரத்துக்கு ஒருமுறை வந்து ஊசி போட்டுக்கொண்டு போ என்று அனுப்பிய மதராஸ் ஆஸ்பத்திரியில் அப்படி ஒரு காகிதம் இல்லை. வாய் இருந்தது. அதைத் திறக்கத்தான் ஆள் இல்லை.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. நான் அப்போது திண்டிவனம் தாலுகா ஆபீசில் இருந்தேன். எந்த மனு எந்த மேஜைக்குப் போகும், அங்கே எவ்வளவு நாள் தூங்கும், தூங்கினால் யாரை எழுப்ப வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அந்தப் பழக்கத்தில் முதல் ஊசியன்றே பெரிய டாக்டரைக் கேட்டேன், இந்த மருந்து உள்ளே போனால் என்னென்ன ஆகும் என்று. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சார் எங்க வேலை பாக்கறீங்க?"

"ரெவின்யூ."

"அதான், விசாரணை பண்ற மாதிரி கேக்கறீங்க. எல்லாம் நாங்க பாத்துக்கறோம். ஜுரம் வந்தா மட்டும் காத்திருக்காதீங்க, பக்கத்துல இருக்கற ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. வெள்ளணு குறைஞ்சிருக்கும், உடம்புக்குக் கிருமியோட சண்டை போடத் தெம்பு இருக்காது."

நாற்காலியை விட்டு எழுந்துகொண்டே சொன்னார். அவ்வளவுதான் எங்களுக்குக் கிடைத்த மருத்துவ அறிவு. மற்றதையெல்லாம் நாங்களே பட்டுத் தெரிந்துகொண்டோம்.

அன்றைக்குச் செங்கல்பட்டு தாண்டியதும் பஸ்ஸில் வாந்தி எடுக்க ஆரம்பித்தவள் திண்டிவனம் வரை நிறுத்தவில்லை. அடுத்த முறை நான் சண்டை போட்ட பிறகுதான், ஊசிக்கு முன்பே விழுங்க ஒரு மாத்திரை உண்டு என்றார்கள். "முன்னாடியே கேட்டிருக்கலாமே" என்று வேறு சொன்னார்கள். இருக்கிறது என்று தெரியாத மாத்திரையை எப்படிக் கேட்பது என்று அவர்கள் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து மூத்திரம் சிவப்பாகப் போனதும் அவள் அலறிய அலறலில் தெருவே கூடியது. ரத்தம் என்று நினைத்து டிரங்க்கால் போட்டு, மத்தியானம் முழுக்கக் காத்திருந்து பேசினால், "மருந்தே சிவப்புதானே சார், அந்தக் கலர்தான்" என்று சிரித்தார் அந்தப் பக்கத்து ஆள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முடி கொத்துக் கொத்தாகச் சீப்போடு வந்தது. மிச்சத்தையும் மழித்துவிட்டுத் தலையில் துணி கட்டிக்கொண்டாள். எந்தக் கோயில் மொட்டை என்று கேட்டவர்களில் ஒருத்தியிடம் திருவக்கரை என்றாள், இன்னொருத்தியிடம் திருப்பதி என்றாள். அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டால் என்ன செய்வாய் என்றேன்.

"ரெண்டு தபா போட்டேன்னு சொல்றேன். என் தலை, உங்களுக்கு இன்னா பேஜாரு?"

அப்படிப்பட்டவள்தான்.

மூன்றாவது ஊசி மே மாதத்தில் வந்தது. தாலுகாவில் ஜமாபந்தி. ஊர் ஊராகக் கணக்குப் பார்க்கும் அந்த நாட்களில், அப்பன் செத்தால்கூட லீவு கொடுக்க யோசிப்பார்கள். அதனால் அவளை அனந்தபுரத்துக்குப் பக்கத்தில் இருந்த அவள் அம்மா வீட்டில் விட்டேன். மாமியாரையும் மச்சானையும் எதிரில் உட்காரவைத்து, ஜுரம் வந்தால் ஒரு வேளைகூடத் தாமதிக்காமல் விழுப்புரத்துக்குக் கொண்டுபோங்கள், எனக்கு ஆள் அனுப்புங்கள் என்றேன். இருவரும் தலையை ஆட்டினார்கள். சொன்னதைத் திருப்பிச் சொல்லவும் சொன்னேன். சரியாகச் சொன்னார்கள்.

இரண்டாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் இறங்கினேன். வாசல் நிலையில் வேப்பிலை செருகியிருந்தது. மாமியார் ஓடிவந்து கையை நீட்டி மறித்தார்.

"அங்கியே நில்லுங்க மாப்ள. காலக் கழுவிக்கினு வாங்க. ஆத்தா வந்திருக்கா ஊட்டுக்கு."

"எந்த ஆத்தா?"

"கேக்கறதப் பாரு! கன்னத்துல போட்டுக்கோங்க மொதல்ல."

காலைக் கழுவாமல் உள்ளே போனேன். வேப்பிலை பரப்பிய பாயில் கிடந்தாள். கைவைத்தால் சுட்டது. உதடு வெடித்திருந்தது. வாயைத் திறக்கச் சொன்னேன். நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் வெள்ளை வெள்ளையாகப் புண். தலைத்துணிக்குக் கீழே, கழுத்தைச் சுற்றி, வெயிலில் கிளம்பிய வேர்க்குரு. புண்ணையும் இதையும் சேர்த்துத்தான் முத்துப் போட்டிருக்கிறது என்று முடிவு கட்டியிருந்தார்கள். வீட்டில் தாளிப்பு கிடையாது. மோரும் இளநீரும் கேப்பைக் கூழும்தான். மாத்திரையெல்லாம் மூட்டை கட்டி உத்திரத்தில் ஏறியிருந்தது. மருந்து கொடுத்தால் ஆத்தாவுக்குக் கோபம் வருமாம்.

"எத்தனை நாளா அத்தை ஜுரம்?"

"முந்தாநாள் சாயங்காலத்துலேர்ந்து."

"ஜுரம் வந்தா விழுப்புரம்னு சொன்னேனா இல்லியா?"

"சொன்னீங்க. ஜுரம் வந்தா போயிருப்போம். இது ஜுரம் இல்லியே மாப்ள, அம்மா வார்த்திருக்கு."

சொன்னதை எழுத்துப் பிசகாமல் கேட்டிருக்கிறார்கள். எங்கள் ஆபீசில் இப்படி ஒரு விளக்கம் வந்திருந்தால் நானே பரிந்துரை எழுதி மேலே அனுப்பியிருப்பேன். வெள்ளணு, கிருமி, மருந்தின் வேகம் என்று கத்தினேன். மச்சான் சுவரைப் பார்த்தான். கடைசியில் அவளே கையை அசைத்து என்னை நிறுத்தினாள். பேச்சு குழறியது.

"ஆத்தாவாத்தான் இருக்கும்ங்க. அந்த டாக்டரு வாய்ல புண்ணு வரும்னு சொல்லவே இல்லியே."

அங்கேதான் எனக்கு ரத்தம் கொதித்தது, மாமியார் மேல் இல்லை. வாய் புண்ணாகும் என்று அந்த ஆள் எழுந்துகொண்டே இன்னொரு வாக்கியம் சொல்லியிருந்தால், இவள் இரண்டு நாளாக வேப்பிலையில் கிடந்திருக்க மாட்டாள்.

கத்தினால் நேரம்தான் போகும். நடைமுறைக்கு வந்தேன்.

"சரி அத்தை. ஆத்தா இருக்கும்போது வாசல் தாண்டணும்னா இன்னா பண்ணணும்?"

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் யோசித்தார்.

"ஆத்தா எறங்கி தலைக்கு மூணு தண்ணி ஊத்தாம தாண்டக் கூடாதுதான். ஆவத்துன்னா மஞ்சத்துணில காசு முடிஞ்சி வெச்சி, சூடம் ஏத்தி உத்தரவு கேக்கணும். போற வழியில கையில வேப்பிலை இருக்கணும்."

"கேளுங்க."

கேட்டார். ஆத்தாவோடு அவர் சாவகாசமாகப் பேசி முடிக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே ஒருத்தி எரிந்துகொண்டிருக்க, நான் சூடம் அணைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆத்தா மறுக்கவில்லை. மச்சான் ஜல்தியாக ஒரு டாக்ஸி பிடித்து வந்தான், அவனுக்கும் பயம்தான் போலிருக்கிறது. அவள் கையில் ஒரு கொத்து வேப்பிலையைத் திணித்து மாமியாரும் ஏறிக்கொண்டார்.

விழுப்புரத்தில் எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப் போவதில்லை. டூட்டி டாக்டர் அறை வாசலிலேயே நின்று, அவள் கையில் இருந்த கொத்தைப் பார்த்தார்.

"அம்மை கேஸா? இங்க ஏன்யா இட்டாந்தீங்க? பின்னாடி ரூமுக்குப் போங்க."

பின்னாடி ரூமை எட்டிப் பார்த்தேன். தட்டம்மைக் குழந்தைகளும், இருமி இருமிக் கோழை துப்புகிறவர்களும் நெருக்கமாகக் கிடந்தார்கள். கிருமியோடு சண்டை போட முடியாத உடம்பை வைக்க அதைவிட மோசமான இடத்தை யாரும் திட்டம் போட்டுக்கூடக் கட்ட முடியாது. என் மாமியார் பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாதவர். அவர்கூட வாயைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் அம்மை என்றார். இந்த மனிதர் பட்டம் வாங்கிய கண்ணால், பத்தடி தூரத்திலிருந்து, வேப்பிலையைப் பார்த்துச் சொல்லிவிட்டார்.

"இது அம்மை இல்லை. கேன்சர் மருந்து போட்டவ. ரத்தத்துல வெள்ளணு எவ்வளவுன்னு பாருங்க."

"நீங்க டாக்டரா?"

"இல்ல."

"அப்ப சும்மா இருங்க. ஞாயித்துக்கிழமை அதெல்லாம் பாக்க முடியாது."

"சரி, பாக்க வேணாம். கேஸ் ஷீட்ல எழுதுங்க. கேன்சர் மருந்துன்னு புருஷன் சொன்னான், ரத்தம் பாக்கச் சொன்னான், நான் பாக்கல, தொத்து நோய் ரூமுக்கு அனுப்பினேன்னு. கீழ கையெழுத்தும் நேரமும் போடுங்க."

"இன்னா மிரட்டறீங்களா?"

"ஆமா."

ரத்தம் எடுத்தார்கள். விடுமுறையில் இருந்த ரத்தப் பரிசோதனை ஆளைச் சைக்கிள் அனுப்பி வரவழைத்தார்கள். காலையில் முடியாதது மத்தியானம் முடிந்தது. முடிவோடு அந்த டாக்டரே வந்தார். குரல் இறங்கியிருந்தது. வெள்ளணு அநேகமாக இல்லவே இல்லை என்றார். தனி அறை கிடைத்தது. பாட்டில் ஏறியது. கிருமியைக் கொல்லும் மருந்து ஊசி ஊசியாக இறங்கியது. மன்னிப்பு மாதிரி எதுவும் வரவில்லை.

"ரெண்டு நாள் முன்னாடியே கொண்டாந்திருக்கக் கூடாதா? படிச்சவங்கதானே நீங்க?"

அவரை அடிக்காமல் விட்டதற்கு, அடுத்த வேளை மருந்தை அவர்தான் எழுத வேண்டும் என்பது தவிர வேறு காரணம் இல்லை.

பிழைப்பாளா என்று அந்த வாரம் முழுக்க யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வாய்ப்புண்ணில் தண்ணீர்கூட இறங்காமல் தவித்தாள். உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கலாம், காரம் கூடாது, எல்லாம் ஆறவைத்துக் கொடுக்கலாம் என்பதெல்லாம் கேட்டுக் கேட்டுப் பிடுங்கிய தகவல்கள். பிறகு ஒரு காலையில் ஜுரம் விட்டது. மாமியார் கால்மாட்டில் உட்கார்ந்து, ஆத்தா இறங்கிட்டா என்று கையெடுத்துக் கும்பிட்டார். நான் மறுக்கவில்லை. உத்தரவு அங்கேயும் வாங்கியிருந்தோமே.

அடுத்த ஊசியைத் தள்ளிப்போட்டுத்தான் கொடுத்தார்கள். மதராஸில் வழக்கமான கூட்டம், பெஞ்சு நிறைய பெண்கள். பெரிய டாக்டரிடம் பேச நான் வாயைத் திறப்பதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"இந்த ஊசி போட்டா வாய் புண்ணாவும்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதாங்க?"

"தெரியும்மா. சில பேருக்கு வரும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா பயந்துடுவீங்க."

"நான் எங்க பயந்தேன்? ஆத்தா வந்துட்டான்னு கும்புட்டுக்கினு கெடந்தேன். பயந்திருந்தா மொத நாளே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பேன்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நர்ஸ் சிவப்பு மருந்தை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். என் மனைவி கையைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"மொதல்ல எல்லாத்தையும் சொல்லுங்க. அப்புறம் கையக் குடுக்கறேன்."

வேறு வழியில்லாமல் அவர் சொல்ல ஆரம்பித்தார். எப்போது வெள்ளணு இறங்கும், எப்போது ஏறும், எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம். பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து எங்கள் பின்னால் நின்றார்கள். தலையில் துணி கட்டிய ஒருத்தி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"டாக்டரய்யா, கொஞ்சம் சத்தமா சொல்லுங்க. எனக்கும் அந்தச் செவப்பு ஊசிதான்."